68.8: ஒரு மார்க் ஷீட், ஒரு வகுப்பு, ஒரு விதி

பிரிட்டனில் இளநிலைப் பட்டம் படிக்கும் நம் பிள்ளைகளிடம் "உன் பட்டத்தின் வகுப்பை எப்படிக் கணக்குப் போடுவார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வரும் பதில்: "எல்லாப் பாடத்துக்கும் சராசரி எடுப்பாங்க, 70 வந்தா ஃபர்ஸ்ட்." பாதி சரி. 70 என்றால் ஃபர்ஸ்ட், 60 என்றால் 2:1 (இரண்டாம் வகுப்பின் மேல் பிரிவு), 50 என்றால் 2:2 (அதன் கீழ்ப் பிரிவு), 40 என்றால் தேர்ட், இந்தக் கோடுகள் அநேகமாக எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் ஒன்றுதான். ஆனால் அந்தச் சராசரியை எந்த மதிப்பெண்களை வைத்து எடுப்பது, எந்த ஆண்டுக்கு எவ்வளவு வெயிட்டேஜ் கொடுப்பது, எதைத் தள்ளிவிடுவது, எங்கே ரவுண்டு செய்வது, கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்பவரை என்ன செய்வது என்பதற்கெல்லாம் நாடு முழுவதுக்கும் பொதுவான விதி கிடையாது. பட்டம் வழங்கும் அதிகாரம் உள்ள ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் கணக்கைத் தானே வகுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரே மார்க் ஷீட் ஓரிடத்தில் ஃபர்ஸ்ட், இன்னோரிடத்தில் 2:1. இது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை, கீழே கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

நான் சொல்லப்போவது ஒரு மாணவியின் இறுதி முடிவைப் பற்றி. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம், மூன்றாண்டுப் படிப்பு, கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்கும் சமூக அறிவியல் துறை. அவள் பெயரும் வேண்டாம், பல்கலைக்கழகத்தின் பெயரும் வேண்டாம். மதிப்பெண்களும் விதியும் இருந்தால் போதும்.

முடிவு வந்த அன்று அவள் அனுப்பிய செய்தி இது: "அக்கா, கடைசி வருஷத்துல ஒரே ஒரு பாடம் தவிர எல்லாத்துலயும் 70, அதுக்கு மேலதான் வாங்கியிருக்கேன். ஆனா 2:1-னு போட்டிருக்காங்க. தப்பாக் கூட்டிட்டாங்களா?"

கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

மதிப்பெண்கள்

முதலில் கிரெடிட். இங்கிலாந்தில் ஹானர்ஸ் பட்டம் என்றால் 360 கிரெடிட், ஆண்டுக்கு 120. ஒரு கிரெடிட்டுக்கு ஏறக்குறைய 10 மணி நேர உழைப்பு என்று கணக்கு. வகுப்பு, வாசிப்பு, தேர்வு எல்லாம் அதற்குள் வந்துவிடும். (ஸ்காட்லாந்தில் ஹானர்ஸ் 4 ஆண்டு, 480 கிரெடிட். அது தனி ஏற்பாடு.) முதலாண்டில் தேர்ச்சி பெற்றால் போதும், பெரும்பாலான இடங்களில் அந்த மதிப்பெண் வகுப்புக் கணக்கில் வராது. சில இடங்களில் 10 சதவீதம் போல வரும். இவளுடைய பல்கலைக்கழகத்தில் வராது.

இரண்டாம் ஆண்டில் ஆறு பாடங்கள், ஒவ்வொன்றும் 20 கிரெடிட்: 66, 63, 71, 58, 68, 64. சராசரி சரியாக 65.

மூன்றாம் ஆண்டில் 20 கிரெடிட் பாடங்கள் நான்கு: 72, 70, 67, 71. அதோடு 40 கிரெடிட் ஆய்வேடு: 74. இங்கே ஐந்து எண்களையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 70.8 வரும், அது தவறான கணக்கு. ஆய்வேட்டுக்கு இரண்டு பங்கு இருப்பதால் அதை இரண்டு முறை சேர்த்து ஆறால் வகுக்க வேண்டும், அப்போது 71.33. ஆய்வேட்டில் ஒரு மதிப்பெண் கூடினால் மற்றப் பாடத்தில் இரண்டு கூடியதற்குச் சமம் என்பதை மூன்றாம் ஆண்டில் இருப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. பலர் ஆய்வேட்டைக் கடைசிக்குத் தள்ளி, எல்லாப் பாடத்துக்கும் சமமாக நேரம் ஒதுக்குகிறார்கள்.

அவளுடைய பல்கலைக்கழகத்தின் விதி: இரண்டாம் ஆண்டுக்கு 40 சதவீதம், மூன்றாம் ஆண்டுக்கு 60. அதாவது 65-ல் 40 சதவீதம் 26, 71.33-ல் 60 சதவீதம் 42.8. மொத்தம் 68.8.

அங்கேயே முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது. 68.8 என்றால் 70-க்குக் கீழே, 2:1, அவ்வளவுதான் என்று விட்டிருக்கலாம். ஆனால் அதே விதிப் புத்தகத்தில் எல்லைக்கோட்டு விதி ஒன்று இருந்தது. சராசரி 68 முதல் 70-க்குள் இருந்தால், கணக்கில் வரும் இரண்டு ஆண்டுகளின் 240 கிரெடிட்டில் பாதிக்கு மேல் ஃபர்ஸ்ட் மதிப்பெண் இருந்தால், அந்த மாணவருக்கு மேல் வகுப்பு கொடுக்க வேண்டும்.

எண்ணிப் பார்ப்போம். இரண்டாம் ஆண்டில் 71 வாங்கிய ஒரு பாடம், 20 கிரெடிட். மூன்றாம் ஆண்டில் 72, 70, 71 வாங்கிய மூன்று பாடங்கள் 60 கிரெடிட், ஆய்வேடு 40. ஆக மொத்தம் 120.

240-ல் 120, சரிபாதி. விதி கேட்பதோ பாதிக்கு மேல்.

இந்த இடத்தில்தான் நான் நீண்ட நேரம் நின்றேன். ஏனென்றால் வேறு பல பல்கலைக்கழகங்களின் விதியில் இதே இடத்தில் "குறைந்தது பாதி" என்று இருக்கும். அங்கே இதே 68.8, இதே 120 கிரெடிட், ஃபர்ஸ்ட். இன்னும் சில இடங்களில் இறுதி ஆண்டுக் கிரெடிட்டை மட்டும் எண்ணுவார்கள். அப்படி எண்ணினால் இவளுக்கு 120-ல் 100, தாராளமாக ஃபர்ஸ்ட். சில இடங்களில் எல்லைக்கோட்டு விதியே கிடையாது, 69.5 வந்தால் 70 என்று ரவுண்டு, அதற்குக் கீழே எதுவானாலும் 2:1.

அதே மதிப்பெண், வேறு கணக்கு

மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பிரிட்டனில் உண்மையில் புழக்கத்தில் உள்ள வெயிட்டேஜ் வகைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

இரண்டு ஆண்டுகளுக்கும் சம பங்கு, 50:50 என்றால் 68.17. அவளுடைய பல்கலைக்கழகத்தின் 40:60-ல் 68.8. 30:70 என்றால் 69.43, ரவுண்டு செய்தாலும் 69தான். ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் 69.22. 25:75-க்குப் போனால் 69.75; இங்கே ரவுண்டு செய்யும் பல்கலைக்கழகம் 70 என்று போட்டு ஃபர்ஸ்ட் கொடுத்துவிடும், ரவுண்டு செய்யாத இடத்தில் 2:1. 20:80-ல் 70.07, யாருடைய தயவும் இல்லாமல் ஃபர்ஸ்ட். இறுதி ஆண்டை மட்டும் பார்க்கும் இடத்தில் 71.33.

அப்புறம் தள்ளுபடி விதி. சில பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு ஆண்டிலும் மிகக் குறைந்த 20 கிரெடிட்டைக் கணக்கிலிருந்து விட்டுவிடும். இவளுக்கு இரண்டாம் ஆண்டில் 58 போய்விட்டால் சராசரி 66.4, மூன்றாம் ஆண்டில் 67 போய்விட்டால் 72.2. அதே 40:60 விகிதத்திலேயே 69.88 வருகிறது. ரவுண்டு செய்தால் ஃபர்ஸ்ட்.

ஆக ஒரே மாணவி, ஒரே உழைப்பு, திருத்தியவர்கள் போட்ட மதிப்பெண்ணில் ஒரு புள்ளிகூட மாற்றமில்லை. விதியைப் பொறுத்து 68.17 முதல் 71.33 வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். வேலைக்கு எடுப்பவரின் மேசையில் இந்த எண்கள் எதுவும் இருக்காது. "ஃபர்ஸ்ட்" அல்லது "2:1" என்ற ஒரு சொல்தான் இருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இறுதி ஆண்டுக்கு எவ்வளவு அதிகம் கொடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது என்று தோன்றிவிடும். இவளுடைய இரண்டு ஆண்டுகளையும் அப்படியே இடம் மாற்றி, இரண்டாம் ஆண்டில் 71.33, மூன்றாம் ஆண்டில் 65 வாங்கிய ஒரு மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். 50:50-ல் அவருக்கும் அதே 68.17. ஆனால் 25:75-ல் 66.58, எல்லைக்கோட்டுக்குப் பக்கத்திலேயே வரமாட்டார். படிப்பை முடித்து வெளியே போகும்போது எந்த நிலையில் இருக்கிறார் என்பதைத்தான் பட்டம் காட்ட வேண்டும் என்பது இறுதி ஆண்டுக்கு அதிகம் கொடுப்பவர்களின் வாதம். மூன்று ஆண்டு உழைப்பையும் காட்ட வேண்டும், கடைசி ஆண்டில் வீட்டில் ஒரு பிரச்சினை வந்தவரை அது மொத்தமாகக் கவிழ்த்துவிடக் கூடாது என்பது மறுவாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு முதலாவது வாதத்தின் பக்கம்தான் சாய்வு. பள்ளியில் படித்த முறையிலிருந்து விடுபட்டு, கட்டுரை என்றால் என்னவென்று புரிந்துகொள்ளவே பலருக்கு ஓராண்டுக்கு மேல் ஆகிறது. அதுவும் வீட்டிலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகளுக்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. மதிப்பெண் அளவு 0 முதல் 100 வரை என்றாலும் கட்டுரைத் துறைகளில் 80-க்கு மேல் போடுவது அபூர்வம். மிக நல்ல கட்டுரைக்கே 72, 74 என்று நிறுத்திவிடுவார்கள். கீழே இறங்குவதற்கோ தாராளமாக இடம் இருக்கிறது. அதனால் ஒரு 58 இழுக்கும் 12 புள்ளிப் பள்ளத்தை நிரப்ப மூன்று நான்கு நல்ல பாடங்கள் வேண்டியிருக்கிறது. கணிதத்தில், பொறியியலில் விடை சரியென்றால் 90-ஐயும் தாண்டலாம். இவளுடைய மூன்றாம் ஆண்டு 72-க்குப் பதிலாக ஒரே ஒரு பாடத்தில் 92 இருந்திருந்தால் அந்த ஆண்டின் சராசரி 74.67 ஆகி, மொத்தம் 70.8 வந்திருக்கும், எல்லைக்கோட்டு விதிக்கே வேலை இருந்திருக்காது. சராசரி எடுக்கும் முறை ஒன்றாக இருந்தாலும், எந்தத் துறையில் எந்த அளவுகோலில் மதிப்பெண் போடுகிறார்கள் என்பதும் சேர்ந்துதான் முடிவு வருகிறது. கிரெடிட்டை எண்ணும் எல்லைக்கோட்டு விதி இருப்பதற்கு ஒரு காரணமே இதுதான்: 72 என்றாலும் 92 என்றாலும் அது ஃபர்ஸ்ட் வேலை, அதை எண்ணிக்கையாகப் பார் என்கிறது அந்த விதி.

அந்த 68

மார்க் ஷீட்டை வரிவரியாகப் பார்த்துக்கொண்டு வரும்போது இரண்டாம் ஆண்டின் 68-க்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குறியீடு இருந்தது. என்னம்மா இது என்று கேட்டேன். தாமதமாகச் சமர்ப்பித்ததற்கான கழிவு என்றாள். கட்டுரைக்குக் கிடைத்தது 73. ஒரு நாள் தாமதம், 5 மதிப்பெண் போய்விட்டது. அந்தப் பாடத்துக்கு அந்த ஒரே கட்டுரைதான், அதனால் பாடத்தின் மதிப்பெண்ணும் 68.

73 நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டாம் ஆண்டுச் சராசரி 65.83. மொத்தம் 69.13. 70 இல்லை, இன்னமும் எல்லைக்கோட்டுக்குள்தான். ஆனால் ஃபர்ஸ்ட் கிரெடிட் 120 இல்லை, 140. பாதிக்கு மேல். விதிப்படி ஃபர்ஸ்ட்.

அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். மருத்துவரிடமும் போயிருக்கிறாள், கடிதமும் இருக்கிறது. அப்போதே துறை அலுவலகத்தில் "தவிர்க்க முடியாத சூழ்நிலை" என்று விண்ணப்பம் போட்டிருந்தால், ஏற்றுக்கொள்ளப்பட்டால், கழிவு நீங்கியிருக்கும். பல இடங்களில் சில நாள் உடல்நலக் குறைவுக்குச் சான்றே கேட்காமல் மாணவர் தானே அறிவித்தால் போதும் என்றும் வைத்திருக்கிறார்கள். ஏன் போடவில்லை என்று கேட்டபோது அவள் சொன்ன பதில் எனக்கு முழுக்கப் புரிந்தது: "68 நல்ல மார்க்தானே அக்கா. ஃபெயில் ஆகுறவங்க, 38, 39-ல இருக்குறவங்க போடுறதுன்னு நினைச்சேன். 68-க்குப் போய் கேக்கறது பேராசை மாதிரி இருந்துச்சு."

நம் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளிடம் இந்தத் தயக்கத்தை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கிடைத்ததை வைத்துக்கொள், அலுவலகத்தில் போய்ப் பேசாதே, பேசினால் திருத்துகிறவருக்குக் கோபம் வரும். அங்கே கோபப்பட யாரும் இல்லை. அது ஒரு படிவம், அதை ஒரு குழு பார்க்கும், ஆதாரம் இருந்தால் ஏற்கும், இல்லையென்றால் மறுக்கும். திருத்திய ஆசிரியருக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது.

68-க்கும் 70-க்கும் உள்ள தூரம் சராசரியில் மிகச் சிறியது. கிரெடிட் எண்ணும் விதியில் அது 20 கிரெடிட்டும் இருப்பதா இல்லாமல் போவதா என்ற கேள்வி. கோட்டுக்கு ஓரிரு புள்ளி கீழே நிற்கும் ஒவ்வொரு பாடமும் இப்படித்தான். இதைத் தெரிந்துகொள்ள அவள் அந்த விதியை இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே படித்திருக்க வேண்டும். யாரும் படிக்கச் சொல்லவில்லை. மாணவர் கையேட்டில் ஒரு இணைப்பு, அந்த இணைப்பைத் திறந்தால் நீளமான ஒரு ஆவணம், அதில் எங்கோ ஒரு உட்பிரிவு.

தேர்வுக் குழுவில் நடப்பது

மாணவரின் இறுதி வகுப்பை உறுதி செய்வது தேர்வுக் குழு. பலர் நினைப்பது போல அங்கே யாரும் உட்கார்ந்து "நல்ல பிள்ளை, தூக்கி விடலாம்" என்று பேசுவதில்லை. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் நடைமுறை கொஞ்சம் மாறும், ஆனால் பெரும்பாலும் பெயர்கள் மறைக்கப்பட்டிருக்கும். மாணவர் எண்ணும் மதிப்பெண்களும் உள்ள பட்டியல் ஒன்று திரையில் ஓடும். துறை ஆசிரியர்கள் இருப்பார்கள், பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒருவர் இருப்பார், வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த புறத்தேர்வாளர் இருப்பார். புறத்தேர்வாளர் வேலை, இந்தத் துறையின் தரம் மற்ற இடங்களோடு ஒத்துப்போகிறதா, விதிகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி பின்பற்றப்பட்டனவா என்று பார்ப்பது. தனி ஒருவருடைய மதிப்பெண்ணை ஏற்றி இறக்க அவர் வருவதில்லை. எல்லைக்கோட்டில் இருப்பவர்களின் வரிகள் தனியாகக் காட்டப்படும், விதி பொருந்துகிறதா இல்லையா என்று சொல்லப்படும், அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள்.

முன்பு பல இடங்களில் குழுவுக்கு விருப்புரிமை இருந்தது. எல்லைக்கோட்டு மாணவரை அழைத்து வாய்மொழித் தேர்வு வைத்த காலமும் உண்டு. இப்போது அது பெரிதும் போய்விட்டது, போனது நல்லதுக்குத்தான். ஆசிரியருக்குப் பழக்கமான முகத்துக்கு ஒரு நியாயம், பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடும் ஆபத்து அதில் எப்போதும் இருந்தது. ஆனால் விருப்புரிமை போய் விதி வந்த பிறகு, "மேல்" என்ற ஒரு சொல் ஒருவருடைய வகுப்பைத் தீர்மானிக்கிறது. அவளுடைய வரி திரையில் வந்து போக அரை நிமிடம் ஆகியிருக்குமா என்பதே சந்தேகம்.

மேல்முறையீடு

போட்டோம். போடுவதற்கு முன்பே அவளிடம் சொன்னேன், வாய்ப்பு குறைவு என்று.

காரணம் இதுதான். பல்கலைக்கழக மேல்முறையீட்டில் "என் கட்டுரைக்கு இதைவிட அதிகம் கிடைத்திருக்க வேண்டும்" என்று வாதிட முடியாது. அது கல்விசார் தீர்ப்பு, அதற்குள் யாரும் போகமாட்டார்கள். ஏற்கக்கூடிய காரணங்கள் பொதுவாக இரண்டு மூன்றுதான்: விதியைப் பின்பற்றுவதில் பிழை நடந்தது, பாரபட்சம் இருந்தது, அல்லது முன்பே சொல்ல முடியாமல் போன சூழ்நிலை ஒன்று இருந்தது. முதல் இரண்டும் இங்கே இல்லை. மூன்றாவதுதான் இருந்தது, அதிலும் "முன்பே சொல்ல முடியாமல் போனதற்கு" நல்ல காரணம் காட்ட வேண்டும். காய்ச்சலுக்கு ஆதாரம் இருந்தது. ஓராண்டுக்கு மேல் சொல்லாமல் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. மதிப்பெண் போதும் என்று நினைத்ததை நல்ல காரணமாக எந்தக் குழுவும் ஏற்காது.

மறுத்துவிட்டார்கள். மறுஆய்வு கேட்டோம், அதுவும் மறுக்கப்பட்டு, உள் நடைமுறைகள் முடிந்துவிட்டன என்ற கடிதம் வந்தது. அந்தக் கடிதம் கையில் இருந்தால் 12 மாதத்துக்குள் ஓ.ஐ.ஏ. என்ற சுயேச்சை நடுவர் அலுவலகத்துக்குப் போகலாம். இங்கிலாந்து, வேல்ஸ் மாணவர்களுக்கான அமைப்பு அது, மாணவருக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அவர்களும் மதிப்பெண்ணுக்குள் போகமாட்டார்கள். பல்கலைக்கழகம் தன் விதியைத் தானே ஒழுங்காகப் பின்பற்றியதா, எடுத்த முடிவு நியாயமான முடிவா என்றுதான் பார்ப்பார்கள். இங்கே பின்பற்றியிருக்கிறது. அவள் அதற்கு மேல் போகவில்லை, அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். விதிப்படி பார்த்தால் அந்தப் பல்கலைக்கழகம் எந்தத் தவறும் செய்யவில்லை.

என் மனத்தாங்கல் வேறு. ஒரு பிள்ளை மூன்று ஆண்டு கட்டணம் கட்டிப் படிக்கிற இடத்தில், அவளுடைய வகுப்பை முடிவு செய்யும் கணக்கை ஒரு பக்கத்தில், உதாரணத்தோடு, கணக்கில் வரும் முதல் கட்டுரையை அவள் எழுதுவதற்கு முன்பு கையில் கொடுத்திருக்க வேண்டும். அதைச் செய்ய ஒரு பிற்பகல் போதும்.

ஏன் இப்படி ஆளுக்கொரு கணக்கு

இந்தக் குறை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதில்லை. 2007-லேயே, பட்ட வகுப்பு முறையை ஆராய்ந்த பர்கெஸ் குழு, ஒற்றைச் சொல்லில் ஒரு பட்டத்தைச் சுருக்கும் முறை காலத்துக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லி, பாடவாரியாக விவரம் தரும் விரிவான சாதனை அறிக்கையைப் பரிந்துரைத்தது. அந்த அறிக்கையைப் பல பல்கலைக்கழகங்கள் கொடுக்கின்றன. வகுப்பு அப்படியே இருக்கிறது. அமெரிக்கா போல ஜி.பி.ஏ. முறைக்கு (வகுப்புக்குப் பதிலாகக் கிரேடுகளின் சராசரிப் புள்ளி) மாறலாமா என்று 2013–14-ல் ஒரு முன்னோட்டமும் நடந்தது. மாறவில்லை.

அப்புறம் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. இங்கிலாந்தில் ஃபர்ஸ்ட் வாங்குபவர்கள் 2010–11-ல் 15.7 சதவீதம், 2020–21-ல் 37 சதவீதத்தையும் தாண்டிவிட்டார்கள். அந்தக் கடைசி எண்ணில் கொரோனாவுக்கும் பங்கு உண்டு. பெருந்தொற்றுக்கு முன்பு எடுத்த சராசரியைவிட இறுதி முடிவு கீழே போகாது என்று பல இடங்களில் பாதுகாப்பு கொடுத்திருந்தார்கள். ஆனால் ஏற்றம் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா, அல்லது கணக்கு தளர்ந்துவிட்டதா என்ற கேள்வி எழுந்தது. இங்கிலாந்தின் உயர்கல்வி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃபீஸ் ஃபார் ஸ்டூடன்ட்ஸ், முந்தைய தகுதிகளை வைத்து விளக்க முடியாத ஏற்றம் எவ்வளவு என்று தனியாகவே கணக்கிட்டு வெளியிட்டது. இரண்டு முறையில் கணக்குப் போட்டு எது அதிகமோ அதைக் கொடுப்பது, குறைந்த மதிப்பெண்ணைத் தள்ளுவது போன்ற ஏற்பாடுகள் மேல் சந்தேகப் பார்வை விழுந்தது அப்போதுதான்.

2017-ல் உயர்கல்வி நிறுவனங்களின் கூட்டமைப்புகளான யூனிவர்சிட்டீஸ் யூகேயும் கில்ட் எச்.இ.யும் சேர்ந்து இந்தக் கணக்கு முறைகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டன. 2020-ல் நல்ல கணக்கு முறை எப்படி இருக்க வேண்டும் என்ற கோட்பாடுகள் வந்தன. எல்லைக்கோட்டுப் பகுதி இரண்டு புள்ளிக்கு மேல் போகக் கூடாது, ரவுண்டு செய்வதானால் கடைசியில் ஒரே ஒரு முறை, விதி மாணவருக்குப் புரியும்படி இருக்க வேண்டும் என்பவை அவற்றில் சில. கட்டாயம் இல்லை, வழிகாட்டல்தான். பல பல்கலைக்கழகங்கள் இந்த ஆண்டுகளில் தங்கள் விதியை இறுக்கியிருக்கின்றன. அதனால் ஒரே பல்கலைக்கழகத்திலேயே மூத்த மாணவருக்கு ஒரு விதி, அடுத்து சேர்ந்தவருக்கு வேறு விதி என்று இருக்கலாம். "எங்க அண்ணனுக்கு 68 வந்து ஃபர்ஸ்ட் குடுத்தாங்க" என்பது உண்மையாகவே இருந்தாலும் தம்பிக்கு உதவாது. நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கு உரிய விதிப் புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

நாடு முழுவதுக்கும் ஒரே கணக்கு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பொறியியலுக்கும் ஓவியத்துக்கும் ஒரே விகிதம் பொருந்தாது, பல்கலைக்கழகங்களின் தன்னாட்சியும் தேவையான ஒன்று. வகுப்புக்குப் பக்கத்தில் சராசரியையும், அது எந்த விகிதத்தில் எடுக்கப்பட்டது என்பதையும் பட்டச் சான்றிதழிலேயே அச்சிட வேண்டும் என்றுதான் கேட்கிறேன். "2:1, 68.8, 40:60" என்று ஒரு வரி. அதைப் படிக்கும் எவரும் 60.1-க்கும் 68.8-க்கும் வித்தியாசம் தெரிந்துகொள்வார். இப்போது இரண்டும் ஒரே 2:1.

அவள் என்ன செய்தாள்

முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்தது, ஏனென்றால் அங்கே கேட்டது 2:1. ஃபர்ஸ்ட் கேட்ட ஒரு உதவித்தொகை போய்விட்டது. விண்ணப்பங்களில் 2:1 என்பதோடு நிறுத்தாமல், மொத்தச் சராசரி 68.8, இறுதி ஆண்டுச் சராசரி 71.3, ஆய்வேடு 74 என்று மூன்றையும் எழுதச் சொன்னேன். எழுதினாள். மார்க் ஷீட்டில் இருப்பதை எழுதுவதில் எந்தத் தவறும் இல்லை, பலர் எழுதுவதே இல்லை.

அவளுடைய சித்தி மகன் இப்போது வேறொரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. அவனுடைய விதிப் புத்தகத்தை இருவரும் சேர்ந்து படித்து எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றுக்கு இரண்டு விகிதம், ஒவ்வொரு ஆண்டிலும் குறைந்த 20 கிரெடிட் தள்ளுபடி, 69.5-ல் ரவுண்டு, எல்லைக்கோட்டு விதி இல்லை. அவன் கேட்ட கேள்வி: "அப்போ இந்த வருஷம் ஒரு பாடத்தை விட்டுட்டாலும் பரவால்லையா அக்கா?" விடக் கூடாது. தள்ளுபடி ஆகும் பாடத்திலும் தேர்ச்சி பெற்றே ஆக வேண்டும், இல்லாவிட்டால் 360 கிரெடிட் சேராது. தவிர அவனுடைய புத்தகத்தில், கட்டாயப் பாடங்களைத் தள்ளுபடி செய்ய முடியாது என்று அடுத்த உட்பிரிவிலேயே போட்டிருக்கிறது. அவனுடைய ஆறு பாடங்களில் நான்கு கட்டாயம். ஆகவே தள்ளக்கூடியது மீதி இரண்டில் ஒன்றுதான், அந்த இரண்டிலும் அவன் இப்போது நன்றாகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறான். கட்டாயப் பாடம் ஒன்றில் தாமதக் கழிவு விழுந்திருக்கிறது, 61-லிருந்து 56. உடல்நலக் காரணம் இருந்தால் இந்த வாரமே படிவம் போடு என்று சொல்லியிருக்கிறேன்.